பழைய படங்களும் பள்ளிப் பிள்ளைகளும்

கோலார் தங்கவயல் என்ற பெயர் இன்று இந்தியா முழுவதும் தெரிந்திருக்கிறது. 2018-லும் 2022-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்த கன்னடத் திரைப்படம் செய்த உபகாரம் அது. வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடி வந்த மக்களைப் பற்றி 2024-ல் தமிழிலும் ஒரு படம் வந்துவிட்டது. சினிமா சினிமாவாக இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோரமண்டலிலும் உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் பிறந்த பிள்ளைகளே தங்கள் ஊர்ச் சரித்திரத்தை வெள்ளித்திரையிலிருந்து தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்கிறதே, அதுதான் கவலைக்குரியது. சைனைடு மலையில் எந்தக் காட்சி எடுக்கப்பட்டது என்று சொல்லத் தெரிந்த பையனுக்கு, அந்த மலை எப்படி உண்டாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. பூமிக்கடியில் வெட்டிய பாறையை மேலே கொண்டுவந்து அரைத்து, சைனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண் அது. அந்தப் பாறையை வெட்டியவர்களில் அவனுடைய தாத்தாவும் ஒருவராக இருக்கலாம்.

தாத்தாவின் படம் வீட்டிலேயே இருக்கிறது. லைன் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும், அல்லது டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பட்டுப்புடவைக்குக் கீழே கிடக்கும். ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம், ஓய்வு பெற்ற நாளில் மாலையும் கழுத்துமாக எடுத்த குரூப் போட்டோ, கால்பந்துக் குழு, சங்க ஊர்வலம், மாதா தேர் என்று எத்தனையோ. இவற்றைக் குடும்பச் சொத்து என்று மட்டும் நினைப்பதால் பள்ளிக்கூடத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. உண்மையில், தங்கவயல் பிள்ளைக்கு நவீன இந்தியச் சரித்திரம் சொல்லித் தர இவற்றைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

பாடநூலில் என்ன இருக்கும்? ஆண்டுகள் இருக்கும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் அவை மத்திய அரசுக்குப் போயின, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவாயிற்று, 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. நெட்டுருப் போட்ட பிள்ளை பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள், சங்கதி வேறு. தலையில் கட்டியிருப்பது துண்டா, தொப்பியா? காலில் ஏதாவது இருக்கிறதா? வெளிச்சத்துக்குக் கையில் மெழுகுவர்த்தியா, தொப்பியில் மின்விளக்கா? பின்னால் தெரிவது எந்த ஷாப்ட்? பிள்ளை உற்றுப் பார்க்கும். வீட்டுக்குப் போய்ப் பாட்டியைக் கேட்கும்.

மின்விளக்கு என்றதும் ஆசிரியர் 1902-க்குப் போகலாம். அந்த ஆண்டில்தான் காவேரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். தலைநகருக்கு முன்னால் சுரங்கத்துக்கு ஏன் என்று ஒரு மாணவி கேட்டால், வெள்ளைக்காரன் ஆட்சி யாருக்காக நடந்தது என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் நடத்த வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. புகைப்படம் பொய் சொல்லாது என்பது பாமர நம்பிக்கை. புகைப்படமும் பொய் சொல்லும். பாதி உண்மையை மறைத்தும் வைக்கும். இதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், மைசூரில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. அப்போது சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த ஹூப்பர் என்பவர், எலும்பும் தோலுமாக இருந்த மக்களைக் கூட்டமாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்றும் உலகெங்கும் புத்தகங்களில் அச்சாகின்றன. பஞ்சத்தின் கொடுமைக்கு அவற்றைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், பிழைத்தாரா, மடிந்தாரா? ஒருவருக்கும் பெயர் இல்லை. பசியால் நிற்க முடியாதவரை காமிராவுக்கு முன்னால் ஒழுங்குபடுத்தி நிறுத்தியவரின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் பஞ்சம் ஓய்ந்த இரண்டாவது ஆண்டில்தான் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலை தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். பஞ்சத்தில் தப்பியவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று எண்ணுவது தவறாகாது. ஹூப்பர் படத்தையும் பெட்டியில் இருக்கும் தாத்தாவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, தன் குடும்பம் ஏன் இந்த ஊருக்கு வந்தது என்பது ஓரளவாவது விளங்கும்.

கம்பெனி காலத்துக் குரூப் படங்களிலும் இதே கதைதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரைமார்களுக்குக் கீழே பெயர் அச்சிட்டிருக்கும். பின்னால் நிற்பவர்களும் தரையில் உட்கார்ந்திருப்பவர்களும் ‘கூலிகள்’. அந்தப் பெயரில்லாத மனிதர்கள்தான் 1930-ல், கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து மூன்று வார காலம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4-ந் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். கம்பெனியின் படக்காரர் இவற்றையெல்லாம் எடுக்கப் போக மாட்டார். அவரை வைத்துக்கொண்டது அதற்காக அல்ல. ஆகையால் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அதே கண், என்ன இல்லை என்றும் பார்க்கப் பழக வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்கத் தொழிலாளர் வீட்டுப் பெட்டிகளால்தான் முடியும்.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழு ஒன்றுக்காக ஊர் ஊராகச் சுற்றினார். 1911-ல் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில், கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவர்களைப் படம் எடுத்தார். ஹூப்பரிடம் இல்லாத ஒரு வழக்கம் இவரிடம் இருந்தது. பையனின் பெயரென்ன, வயதென்ன, எத்தனை மணி நேரம் வேலை என்று விசாரித்து, சட்டைப்பைக்குள்ளேயே குறித்துக்கொள்வார். முதலாளி சந்தேகப்படக் கூடாதே என்று, தன் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துப் பையனின் உயரத்தைக் கணக்கிட்டுவிடுவாராம். அப்படிச் சேர்த்த பெயர்களும் வயதுகளும்தான் அந்தப் படங்களை வேடிக்கைப் பொருளாக விடாமல் சாட்சியமாக்கின. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1938-ல் அமெரிக்கா முழுவதற்கும் வந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

தங்கவயலுக்கு இப்போது வேண்டியது இந்தப் பெயர் எழுதும் வேலைதான். அதற்கு அவகாசம் அதிகம் இல்லை. 1960-ல் இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவருக்கு இன்று எண்பத்தைந்து. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போய் வந்தவர்களில், படத்தைப் பார்த்து ‘இவர் இன்னார், இந்த லைன், பாறை வெடிப்பில் போய்விட்டார்’ என்று சொல்லக் கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு அந்தப் படங்களும் ‘கூலிகள்’ படமாகிவிடும். வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குக் குடிபோகிறவர்கள் பழைய பெட்டியைச் சுமை என்று விட்டுப் போவதும் உண்டு. மிஞ்சியதைக் கரையானும் மழை ஈரமும் பார்த்துக்கொள்கின்றன.

கோரமண்டல் வட்டாரப் பள்ளிகள் இதற்குப் பெரிய திட்டமோ மானியமோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு படம் கொண்டுவரட்டும். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியிலேயே கைப்பேசியில் நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தத் தாயும் இரண்டாவது படத்தைக் கொடுத்தனுப்ப மாட்டாள். அதிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய் இரவில் திரும்பும் தகப்பனாருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. தாத்தா பாட்டிகளைத்தான் நம்ப வேண்டும். பெண்களின் பெயரை எழுதும்போது ‘இன்னார் சம்சாரம்’ என்று நிறுத்திவிடாமல் அவர்களுடைய சொந்தப் பெயரையும் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப்பிடித்து மின்பதிவு செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் தந்த ஊருக்கு அந்த அளவு அக்கறையைக் கர்நாடக அரசின் ஆவணக் காப்பகமும் காட்டலாம். சுரங்க நிர்வாகத்தின் பழைய ஆல்பங்களும் ஆள் பதிவேடுகளும் எந்த அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தாலும், பள்ளிகள் பார்க்கும்படி அவற்றைத் திறந்துவிடுவது மத்திய சுரங்க அமைச்சகத்தின் பொறுப்பு. தொழிற்சங்கங்களும் தங்களிடம் இருப்பதை வெளியே எடுக்கட்டும்.

படத்தின் பின்புறம் எழுதுவதற்குப் பால்பாயிண்ட் பேனா ஆகாது. மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். மெதுவான பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுத வேண்டும். முதலில் பெயர், அடுத்து லைன், பிறகு எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு.