மூடுபனியைப் பிடிக்கும் மரங்கள்

ஜூன் இறுதியில் வளைகுடா நகரங்கள் 45 டிகிரி வெயிலில் வேகும்போது, ஓமானின் தெற்குக் கடற்கரையிலுள்ள சலாலாவில் சாரல் விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தோஃபார் மலைகளை உரசிச் செல்லும் இந்தப் பருவத்தை அங்கே ‘கரீஃப்’ என்பார்கள். செப்டம்பர் வரை மலையெங்கும் பச்சை. சாலையோரக் கடைகளில் இளநீர், வாழைக்குலை, பப்பாளி. குடும்பம் குடும்பமாக அரேபியர்கள் நனைவதற்கென்றே வருகிறார்கள்.

உண்மையில் அங்கே பெய்யும் மழை சொற்பம். கடலின் அடியாழத்துக் குளிர்நீர் மேலெழுந்து காற்றைக் குளிர்விக்க, ஈரம் மூடுபனியாகத் திரள்கிறது. மலை மரங்களின் இலைகள் அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. சமவெளியின் நிலத்தடி நீருக்கு அதுவே ஊட்டம்.

ஆகவே மரம் போனால் தண்ணீரும் போகும். மலை தாங்காத அளவுக்கு ஒட்டகங்களும் மாடுகளும் இளம் மரக்கன்றுகளை மேய்கின்றன. விடுமுறைக் கார்கள் புல்வெளிக்குள் ஏறுகின்றன. விடுதிகள் கட்டும் வேகத்தில் பாதியையாவது மரக்கன்றுகளுக்கு வேலி போடுவதில் காட்ட வேண்டும். பயணிகள் திரும்பிய பின்னும், அக்டோபர் வெயிலில் கிணற்றை நம்பி விவசாயிகள் அங்கேதான் இருக்கிறார்கள்.