தொடுதிரைக்குத் தமிழ் சுமையா?

ஐபோன் மேலானதா, அன்ட்ரொயிட் மேலானதா? கல்முனை முதல் ஒலுவில் வளாகம் வரை இளைஞர் கூடுமிடமெல்லாம் இவ்வழக்கு ஓய்வதில்லை. விரல் தீண்டியதும் திரை வழுக்கிச் செல்லும் நயத்தை ஒரு சாரார் போற்றுவர். விலைக் குறைவையும் விருப்பம்போல் மாற்றியமைக்கும் வசதியையும் மறுசாரார் எடுத்துரைப்பர். தமிழ் எழுதும் விரலுக்கு இக்கருவிகள் எவ்வளவு பணிகின்றன என்று மட்டும் இரு சாராரும் கேட்பதில்லை.

2007இல் வந்த ஐபோன், அழுத்தத்தை வேண்டிய பழைய திரைகளுக்கு மாறாக, விரலின் மென்மையான தீண்டலையே உணர்ந்தது. 2008இல் அன்ட்ரொயிட் கருவி சந்தைக்கு வந்தது. ஆயினும் தொடக்ககால அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றில் தமிழெழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றின. ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை 2013இலேதான் உள்ளமைந்து வந்தது. விரைவிலே போட்டியிட்ட இரு தரப்பும் நம் மொழிக்கு ஒருசேரத் தாமதித்தே வந்தன.

அக்குறை நீங்கிய பின்னரும் நாம் தமிழை உரோம எழுத்திலேயே எழுதுகின்றோம். காரணம் கேட்டால், தமிழில் தட்டெழுதுவது தாமதம் என்கின்றோம். இது ஆராயாத கூற்று. தமிழ்99 விசைமுறையில் 'கல்முனை' என எழுத 7 தீண்டல்கள் போதும்; உரோம எழுத்தில் 8 வேண்டும். குற்றம் மொழியினது அன்று.

இனி 'ஸாஹிரா' என எழுதிப் பாருங்கள். உரோம எழுத்தில் 6 தீண்டல்கள், தமிழ்99இல் 8. ஸகரமும் ஹகரமும் மேல்விசையை அழுத்தினாலன்றிக் கிட்டாமையே காரணம். இவ்வெழுத்துகளைத் தம் பெயரிலேயே தாங்கி வாழும் முஸ்லிம்களுக்கு இது சிறு குறையா? மேலும், உரோம எழுத்துகள் 26 நிற்கும் சிறு திரையில் தமிழுக்கு 31 விசைகள் நெருங்கி நிற்கின்றன. விசை ஒடுங்க ஒடுங்க விரல் தவறுகின்றது. தவறும் விரல் எளிய வழியை நாடுகின்றது. இவ்வாறே ஒரு தலைமுறை தன் எழுத்தைக் கைவிடப் பழகுகின்றது.

ஆதலின், கருவிகளை ஒப்பிடுவோர் தமிழையும் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். ஒலுவிலில் தொழினுட்பம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒருங்கமர்ந்து, நம் பெயர்களையும் ஊர்களையும் எழுதி, தீண்டல்களையும் பிழைகளையும் எண்ணட்டும். நமக்கேற்ற விசையமைப்பை வகுக்கட்டும். பிறர் செய்த கருவிக்கு வாதாடுவதிலும் அது பயனுள்ள பணியாகும்.