பழைய காரும் புதிய பூச்சும்

விழா நாட்களிலே நம் கல்லூரி வாயிலில் பழைய மாணவர் சிலர் தம் பழைய கார்களிற் வந்து இறங்குவதைக் காண்கின்றோம். ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலியன நம் குடாநாட்டு வீதிகளில் இன்றும் ஓடுவன. அவற்றைச் சூழ்ந்து நின்று பூச்சின் பளபளப்பை வியவாத மாணவர் இலர். அப்பூச்சைப் பற்றியே சில சொற் கூற விழைகின்றோம். பழைய காரை வீட்டிலே குறைந்த செலவிற் புதுப்பிக்க முனைவோர் பலர் பூச்சிலிருந்தே தொடங்குகின்றனர். அது பணத்தை வீணாக்குவதோடு உயிருக்கும் உலைவைக்கக்கூடிய பிழை என்பது நம் கருத்து. பிறரைக் குறைகூற வந்தோமல்லோம். அப்பிழையைச் செய்தவருள் நாமும் ஒருவர்.

2014 இல், மாமரத்தின் கீழே கோழிகள் முட்டையிடக் கிடந்த மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினோம். கையிலிருந்த பணத்திற் பெரும்பகுதியை நிறத்துக்கும் இருக்கைத் தோலுக்கும் செலவிட்டோம். உறவினர் பாராட்டினர்; நாமும் மகிழ்ந்தோம். மூன்றாம் மாதத்தில், குடும்பத்தோடு கைதடிப் பாலத்தை அணுகும் வேளையில், முன்சக்கரமொன்று முழந்தாளிட்டாற்போல மடிந்தது. கார் வீதியோரத்தில் இறங்கி நின்றது. மெல்லச் சென்றமையால் ஒருவருக்கும் காயமில்லை. சக்கரத்தைக் கழற்றிய முதிய மெக்கானிக், அதனைத் தாங்கும் கீழ்ப்பிணைப்பின் புரிகள் கிறீஸ் காணாமல் தேய்ந்திருந்ததைக் காட்டினார். "என்ன மாஸ்ரர், முகத்துக்குப் பவுடர் போட்ட நீங்கள் காலைப் பாக்கேல்லையே!" என்றார். ஒரு கையளவு கிறீஸ் செய்திருக்கக்கூடிய வேலையை நம் நிறப்பூச்சு முழுவதும் செய்யவில்லை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 இல் வெளிவந்தது. உற்பத்தி நிற்குமுன் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. இதற்கெனத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடற்றகடே பாரத்தைத் தாங்குகின்றது. ஆகவே கதவுகளின் கீழுள்ள பகுதியிலோ, பின்வில்லுகள் பொருந்தும் இடத்திலோ கறள் பிடித்தால், அது தோலின் நோயன்று, எலும்பின் நோய். அந்த ஓட்டையைப் புட்டியால் அடைத்து மேலே நிறம் பூசுவது, புரையோடிய புண்ணைப் பட்டுத் துணியால் மூடுவதை ஒக்கும். மாரி ஒன்று கழியக் கறள் தன் முகத்தைக் காட்டும்.

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? முதலில் உடற்றகட்டின் வலிமை, அடுத்து பிறேக்கும் சுக்கானும் சக்கரப் பிணைப்புகளும், பின்னர் எஞ்சின், அதன்பின் மின்கம்பிகள், ஈற்றிலேதான் இருக்கையும் நிறமும். இவ்வொழுங்கு எளிய கார்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் தம் வீட்டுக் கொட்டகைகளிற் புதுப்பிக்கும் பெருவலுக் கார்களுள் ஒன்றாகிய 1964 ஆம் ஆண்டுப் பொன்டியாக் ஜி.டி.ஓ. 6.4 லீற்றர் எஞ்சின் உடையது. பிற்காலத்து மைனரின் எஞ்சினோ 1098 கன சென்ரிமீற்றர். அத்தகைய பெருவலுவை உயிர்ப்பித்துவிட்டுத் தேய்ந்த பிறேக்கை அப்படியே விடுவோன் செய்வது சிக்கனமன்று.

சிக்கனத்துக்கு இடமில்லாமலில்லை. கழற்றுதல், கழுவுதல், கறள் சுரண்டுதல், அடிப்பூச்சுப் பூசுதல் ஆகியவற்றை நம் கையாலே செய்யலாம். கழற்றுமுன் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, ஆணிகளை வெவ்வேறு போத்தல்களில் இட்டுப் பெயர் எழுதி வைத்தால், பூட்டும்போது பாதி நேரம் மிஞ்சும். இறுகிப்போன எஞ்சினை வலிந்து திருப்பாது, உருளைகளில் எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுத்திருந்தால் அது இளகுவதும் உண்டு. வாங்கும்போதே பூசி மினுக்கிய குறைக்காரினும் அழுக்கேறிய முழுக்காரைத் தேர்தல் நன்று. காணாமற்போன சிறு உறுப்பைத் தேடுவதிற் பெருஞ்செலவு நேரும். ஆனால் வெல்டிங்கையும் கடைசல் வேலையையும் கைதேர்ந்தோரிடம் ஒப்படைக்க வேண்டும். பிறேக்கின் இறப்பர் உறுப்புகளில் ஒரு சதமும் மிச்சம் பிடித்தலாகாது.

இக்கார்கள் இன்றுவரை ஓடுவதற்கு நம்மூர்த் தொழிலாளரே காரணர். 1990 இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் இவற்றை ஓட்டினர். நோயாளரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வைத்தியசாலைக்குச் சென்றது இக்கார்களிலேதான். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும், தாங்கிகள் தேயும். அதனை அறிந்து, காலத்துக்குக் காலம் எண்ணெய் மாற்றி, உறுப்புகளைக் கடைந்து காத்த கைகள் இப்போது முதுமையுற்று நடுங்குகின்றன. 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இலேதான் மீண்டும் தொடங்கியது. இடைக்காலத்தில் பழைய கார்களுக்கு விலை ஏறியது. பூசி விற்கும் ஆசையும் உடன் ஏறியது. வேலை அறிந்தவர் குறைந்து பூச்சு அறிந்தவர் பெருகினால், நாளை நம் வீதிகளில் ஓடுவன காராயிரா, கண்காட்சிப் பொம்மைகளே.

புதிய கார் இருக்கப் பழையதோடு மாரடிப்பது ஏன் என்று கேட்போர் உளர். பாதுகாப்பிற் புதிய கார் மேலானது என்பதை மறுக்க மாட்டோம். ஆயினும் ஒரு மைனரைக் கழற்றிப் பூட்டிய மாணவன், நெம்புகோலும் உராய்வும் வெப்பமும் பாடநூலில் மட்டும் உள்ளன அல்ல என்பதைத் தன் விரலால் அறிவான். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நேர்மையாக வேலை செய்யப் பழகுவான். அப்பழக்கம் அவன் பின்னாளில் வைத்தியனாயினும் கணக்காளனாயினும் உடன்வரும்.

ஆகவே நம் பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வளவுகளிற் கிடந்து கறள் தின்னும் கார்களில் ஒன்றைக் கல்லூரிக்குத் தாருங்கள். முதிய மெக்கானிக் ஒருவரைத் தக்க வேதனத்தோடு சனிக்கிழமை தோறும் அழைப்போம். மாணவர் அவர் அருகிலிருந்து கற்கட்டும். அடுத்த விழாவுக்கு அக்கார் நிறம் பூசப்படாமலே வாயிலுக்கு வரினும் வரட்டும். அதன் பிறேக் பிடிக்குமாயின் நாம் எழுந்து நின்று கைதட்டுவோம்.