எண்பதுக்கு எட்டு குறைவு

"காலையில காலேஜ், சாயங்காலம் ரேடியோ. ரெண்டு வேலை! குடுத்து வச்சவ" என்கிறார் ராசிபுரம் பேருந்தில் பக்கத்து இருக்கை அக்கா. ரெண்டு வேலை இல்லைக்கா, ரெண்டு அரை வேலை. கூட்டினாலும் ஒன்று வராது.

அகில இந்திய வானொலியில் தற்காலிக அறிவிப்பாளருக்கு மாதம் 6 பணிக்கு மேல் தருவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். ஆண்டுக்கு 72. மகப்பேறு நலச் சட்டம் (1961) கேட்டதோ, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை. தினக்கூலிப் பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. எல்லாம் சரி, அந்த எட்டு நாளுக்கு வெளியே நிற்கிறோமே நாங்கள்? நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதென்று போட்ட வேலிதான் பிள்ளைப்பேற்றையும் வெளியே தள்ளுகிறது என்பேன்.

கல்லூரியில் என் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்றது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அதன் பிறகும் சில ஆண்டுகள் 20,000த்தைத் தாண்டவில்லை. அதுவும் 11 மாதத்துக்கு.

"ரேடியோ உங்களுக்குப் பொழுதுபோக்குதானே மேடம்?" என்றபடி சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பை என் தலையில் கட்டினார் துறைத்தலைவர். ஆண் நண்பருக்கு விலக்கு, அவர் குடும்பஸ்தராம்.

தங்கைகளே, ஒலிவாங்கி முன் உட்காரும் ஒவ்வொரு நாளையும் தேதியோடு எழுதி வையுங்கள். பணிச் சீட்டைத் தொலைக்காதீர்கள். நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆறை ஏழாக்கச் சொல்கிறோம். 84 வரும்.