கடுகைத் தேடும் சட்டம் பூசணிக்காயை விடுகிறது!

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பது நம் கிராமத்துப் பழமொழி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் எல்லைச் சாவடிகளில் தோட்டாக்களின் பேரால் நடக்கும் கூத்துக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளைக் கூடு, அடியில் பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டுமே. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்காரர்கள் பலர் அந்தக் காலிக் கூட்டைப் பொறுக்கி வைத்து, வீட்டிலேயே புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்பிக் கொள்கிறார்கள். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா, மில் தொழிலாளர்களே? நீங்கள் அறிந்த பஞ்சிலிருந்துதான்! ஜின்னிங் முடிந்த பின்னும் பருத்தி விதையில் ஒட்டி நிற்கும் குட்டை இழையை அமிலத்தில் பதப்படுத்தினால் வெடிமருந்துக்கு அடிப்படைச் சரக்கு கிடைத்துவிடும்.

எண்ணப்படுவது யார் பை?

இந்தச் சில்லறைச் சாமான்கள் எல்லை தாண்டும்போது சட்டம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. அமெரிக்காவிலிருந்து வெளியே போகும் தனி நபர் சொந்த உபயோகத்துக்காக, தனி உரிமம் இல்லாமல், தம் பையில் கொண்டு போகக்கூடியது 3 துப்பாக்கியும் 1000 தோட்டாவும்தான். தோட்டா மட்டுமல்ல, அதன் கூடும் கேப்பும் மருந்தும்கூட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. கனடாவிலோ வெடிமருந்துச் சட்டம் தராசைப் பிடித்து நிற்கிறது.

இதை நாம் குறை கூறவில்லை. வெடிமருந்து கடலை மிட்டாய் அல்ல, எண்ணட்டும், நிறுக்கட்டும். நாம் கேட்பது ஒன்றே: வேட்டைக்காரனின் பையை எண்ணுகிறவர்கள் வியாபாரியின் கப்பலை எண்ணுகிறார்களா?

2020 மார்ச் வரை சாதாரணத் துப்பாக்கி, தோட்டா ஏற்றுமதிக்கு அனுமதி தரும் அதிகாரம் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவிடம் இருந்தது. அந்த மாதத்தில் அது வர்த்தக இலாகாவுக்கு மாற்றப்பட்டது. சரக்கை விற்கச் சொல்லி ஊக்குவிக்கும் இலாகாவிடமே விற்காதே என்று தடுக்கும் வேலை! ஆட்டுக்கு ஓநாய் காவல் என்பது இதுதான். ஆயுதம் தவறான கைகளுக்குப் போய்ச் சேரும் அபாயம் மிகுந்தவை என்று 36 நாடுகளைக் குறித்து, சர்க்கார் அல்லாதவர்களுக்கு அங்கே விற்பதை இறுக்கும் விதி 2024-ல் வந்தது. 2025 செப்டம்பரில் டிரம்ப் சர்க்கார் அதையும் ரத்துச் செய்தது.

மெக்ஸிகோவைப் பாருங்கள். அங்கே துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து எல்லாம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி ராணுவ இலாகாவின் அனுமதிக்கு உட்பட்டவை. வெளிநாட்டான் காரில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சிறை என்று அமெரிக்க சர்க்காரே தன் பிரஜைகளை எச்சரிக்கிறது. எல்லைக்கு வடக்கே என்ன நிலைமை? சாதாரணத் தோட்டாவை யார் வாங்கினார் என்று கடைக்காரர் ஏட்டில் எழுத வேண்டும் என்ற மத்திய சட்ட விதியை 1986-லேயே எடுத்துவிட்டார்கள்! தெற்கே ஒரு தோட்டாவுக்குச் சிறை; வடக்கே ஆயிரம் தோட்டாவுக்கும் பெயர் கிடையாது. கள்ளக் கடத்தல்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

வேட்டைக்காரன் முதுகில் வியாபாரி

இதைத் தடுக்க வழியே இல்லையா? இருந்தது. 1997 நவம்பரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ செய்யக் கூடாது. வாங்கும் நாடு அனுமதி தந்தது உறுதியான பிறகே விற்கும் நாடு சரக்கை வெளியே விடலாம் என்பதே அதன் சாரம். மெக்ஸிகோ அதை ஏற்றது. கிளிண்டன் சர்க்கார் கையெழுத்திட்டது. ஒபாமா 2009-ல் மெக்ஸிகோவுக்குப் போய், ஸெனட் அதை ஏற்கச் செய்வேன் என்றார். அமெரிக்க ஸெனட் இன்றளவும் ஏற்கவில்லை!

துப்பாக்கிக் கூட்டத்தார் சொன்ன சாக்குகளில் ஒன்று என்ன தெரியுமா? வீட்டில் காலித் தோட்டாவை நிரப்பும் ஏழை எளிய வேட்டைக்காரனும் உரிமம் வாங்க வேண்டி வருமாம்! கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடி புகுந்த கதை. வேட்டைக்காரனுக்கு மட்டும் விலக்குத் தந்துவிட்டு ஒப்பந்தத்தை ஏற்க முடியாதா? முடியும். அதைச் செய்தால் வியாபாரி ஒளிந்துகொள்ளப் புற்று ஏது?

வேட்டைக்காரன்மீது இவர்களுக்கு அவ்வளவு பாசமா? 2022-ல் உக்ரேன் யுத்தம் முற்றிய பின் வெடிமருந்துச் சரக்குக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. ராணுவங்களின் ஆர்டர் குவிந்தது. 2024-ல் வேட்டைக்காரன் கேட்ட மருந்து டப்பா கடையில் இல்லை. லாபம் அழைத்தபோது பாசம் பறந்துவிட்டது!

தன் நாட்டில் குற்றம் நடந்த இடங்களில் கைப்பற்றிய துப்பாக்கிகளில் 100-க்கு 70 முதல் 90 வரை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை என்று சொல்லி, மெக்ஸிகோ சர்க்கார் 2021-ல் அமெரிக்கக் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தது. 2005-ல் கம்பெனிகளுக்குக் கவசமாகவே இயற்றிய ஒரு சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, 2025 ஜூன் 5-ந் தேதி அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் 9 பேரும் ஒருமனதாக அந்த வழக்குக்குக் கதவடைத்தார்கள். சட்டப்படிதான் நடந்தது! ஆனால் அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது?

நமக்கென்ன என்கிறீர்களா?

தோழர்களே, 2013-ல் ஐ.நா. சபையில் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்தது. தோட்டாவும் ஆயுத பாகங்களும் அதில் அடங்கும். அமெரிக்கா கையெழுத்திட்டது, 2019-ல் டிரம்ப் அதை உதறினார். டில்லி சர்க்காரோ ஓட்டளிக்காமலே ஒதுங்கி நின்றது. ரஷ்யாவும் சீனாவும்கூட அன்று ஒதுங்கியே நின்றன. சீனா 2020-ல் சேர்ந்தது. ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்கே ஒப்பந்தம் சாதகம் என்று டில்லி சொன்ன காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அப்படியானால் திருத்தக் கோரிப் போராட வேண்டும். மூலையில் நிற்கக் கூடாது. இன்று இந்தியாவே ஆயுத ஏற்றுமதியைப் பெருமையாகப் பேசும்போது இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

ஆகவே நாம் கோருகிறோம்: வேட்டைக்காரனின் பைக்கு உள்ள கணக்கு வியாபாரியின் கப்பலுக்கும் வேண்டும். விற்றவன் பெயரும் வாங்கியவன் பெயரும் ஏட்டில் ஏற வேண்டும். நம் நாட்டிலிருந்து போகும் ஆயுதம் யாருக்கு, எதற்கு என்பதைப் பார்லிமெண்டில் பகிரங்கமாக வைக்க வேண்டும்.

குண்டுக்கு எல்லை கிடையாது. அது துளைப்பது பெரும்பாலும் ஏழையின் மார்பையே. மெக்ஸிகோ உழைப்பாளியின் மார்பும் நம் மார்புதான்!