அனுமதி யாருக்கு?

நிலப்பரப்பிலுள்ள தேசியப் பூங்காக்களில் உலகிலேயே பெரியது எது தெரியுமா? 1974இல் உருவாக்கப்பட்ட வடகிழக்குக் கிறீன்லாந்து தேசியப் பூங்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 972,000 சதுர கிலோமீற்றர்.

பனி சூழ்ந்த அந்தப் பிரதேசத்துக்குச் செல்லும் பயணக் குழுக்கள் கிறீன்லாந்து அரசிடம் முன்கூட்டியே அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். ஆபத்து நேர்ந்தால் தேடி மீட்கும் செலவுக்குக் காப்புறுதியும் வேண்டும். ஆனால், அருகிலுள்ள இட்டொக்கோர்டூர்மிட் ஊரின் வேட்டைத் தொழிலாளர் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அங்கு சென்று வேட்டையாடலாம். வெண்கரடி வேட்டைக்கு அவர்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு.

பார்க்க வருபவருக்கு நிபந்தனை. பிழைப்புக்காகச் செல்பவருக்கு அளவோடு உரிமை. இயற்கையைக் காக்கவென்று சட்டம் இயற்றுவோர், அதை நம்பி வாழும் குடும்பங்களின் அடுப்பையும் நினைக்க வேண்டாமா?