கேள்வி கேட்கும் நாற்காலி யாருடையது?

பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஆரணியாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் சேரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் இங்கே இரவுப்பள்ளியில் ஒரு தேர்வு நடக்கிறது. தேர்வுக்கு உட்காருபவர் ஒருத்தர்தான். கேள்வி கேட்பவர்கள் நாலு பேர்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், அப்புறம் நான்.

பதில் சொல்லும் தம்பி, முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படித்தவர். பத்து வருஷத்துக்கு மேலாக சென்னையில் மென்பொருள் வேலை. இப்போது சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'சர்டிஃபைட் டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட்' தேர்வுக்குத் தயாராகிறார். கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்துப் புழங்குகிற மென்பொருள் அந்த நிறுவனத்துடையது. உலகம் முழுக்கவே சில நூறு பேர்தான் இந்தத் தேர்வில் தேறியிருக்கிறார்கள்.

தேர்வு எப்படி? ஒரு கற்பனைக் கம்பெனியின் சிக்கல்களைப் பக்கம் பக்கமாகக் கொடுப்பார்கள். அதைப் படித்து, மென்பொருள் அமைப்பு முழுவதையும் படமாகப் போட்டு, மூன்று நடுவர்கள் முன்னால் 45 நிமிடம் விளக்க வேண்டும். பிறகு 40 நிமிடம் குறுக்குக் கேள்வி. கட்டணம் பல ஆண்டுகள் 6,000 டாலராக இருந்தது. இன்றைய கணக்கில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். இந்த மேடைக்கு வருவதற்கு முன்பே பல சான்றிதழ்கள் வாங்கியிருக்க வேண்டும். அவற்றைத் திருத்துவது கம்ப்யூட்டர். அந்தத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தம்பி தேறிவிட்டார்.

சிக்கல் மனிதர்கள் திருத்தும் இடத்தில் வந்தது. அவருடைய அலுவலகத்தில் சீனியர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு ஒத்திகை நடத்தினார்கள். ஆரம்பமே 'நேட்டிவ் எது? அப்பா என்ன பண்றார்?' என்றுதான். 'அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார்' என்று சொன்ன பிறகு அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டதாம். கடைசியில் வந்த தீர்ப்பு: 'விஷயம் இருக்கு. ஆனா பிரசன்ஸ் பத்தல.'

என்னய்யா இந்த 'பிரசன்ஸ்'? குரல் நடுங்காமல் பேசுவது, நாற்காலியில் சாய்ந்து உட்காருவது, தெரியாததைக்கூடத் தெரிந்த மாதிரி சொல்வது. இதையெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. ஊர்த் தெருவில் குனிந்து நடந்தால்தான் அடி விழாது என்று கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, வித்தியாசத்துக்குத் 'திறமை' என்று பேர் வைக்கிறார்கள்.

இது ஒரு அலுவலகத்தின் கதை மட்டும் அல்ல. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லி வட்டாரக் கம்பெனிகளின் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே வாயால் 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அதே 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வில் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். பெயருக்கே இந்தக் கதி என்றால், முகமும் குரலும் எதிரே நிற்கும்போது?

நீதிமன்றத்துக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்டது பெற்றோர் யார், வீடு எங்கே என்று. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 சதவிகிதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. ஐ.ஏ.எஸ். தேர்விலேயே மொத்தம் 2,025இல் நேர்முகத்துக்கு 275தான். தம்பி எழுதும் தேர்வின் கடைசிப் படியில் நேர்முகம்தான் நூற்றுக்கு நூறு. தனியார் கம்பெனி என்பதால் அந்தத் தீர்ப்பு அங்கே எட்டாது. இட ஒதுக்கீடும் எட்டாது.

கேள்வி கேட்பவன் யார் என்று நம் முன்னோர்கள் அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று எதிர்த்தார். 3,412 கையெழுத்துகளோடு 112 அடி நீள மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. இங்கே நடத்தினால் சாதி இந்துக்களே எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து நம்மை நசுக்குவார்கள் என்பதுதான் அவர்கள் வாதம். அதை 'தேசத் துரோகம்' என்று ஏசியவர்கள், அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று, தலித் பொறியாளர் ஒருவருக்கு எதிரான சாதிப் பாகுபாடு என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் மேலாளர்கள் இருவர் மீதும் வழக்குப் போட்டது. மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் சிலிக்கான் பள்ளத்தாக்கில் சாதி என்ற சொல்லை இனி யாரும் மறைக்க முடியாது.

அப்படியானால் நேர்முகமே கூடாது என்கிறோமா? இல்லை. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை மனப்பாடம் பண்ணித் தேறிவிடலாம். போட்ட படத்தை நின்று காப்பாற்றுவதுதான் ஆர்க்கிடெக்ட்டின் உண்மையான வேலை. அதை எங்கள் இரவுப்பள்ளியே எங்களுக்குக் காட்டியது.

முதல் வாரம் தம்பி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், தடுமாறினார். 'தமிழ்லயே சொல்லுப்பா' என்றோம். படத்தில் இரண்டு கட்டத்துக்கு நடுவே ஒரு கோடு. ஃபிட்டர் அண்ணன் எழுந்தார்: 'இன்னாப்பா, இந்த லைன் நடுவுல கட்டாயிடுச்சுனா அதுல வந்த ஆர்டர் எங்க போய் நிக்கும்? திரும்ப வருமா, தொலைஞ்சிடுமா?' தம்பி வாயடைத்துப் போனார். அவர் படத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்து நர்ஸ் அக்கா: 'நோயாளி சீட்டை டாக்டர் பாக்கலாம், நான் பாக்கலாம். பில் போடுறவர் பாக்கலாமா? யாருக்கு எது தெரியணும்னு உன் படத்துல எங்க இருக்கு?' தவறு நடந்தால் மீள்வது எப்படி, எந்தத் தகவல் யார் கண்ணுக்குப் படலாம் என்று நடுவர்கள் நோண்டுகிற இடங்களும் இவைதான். அதை எங்கள் ஆட்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் கேட்டார்கள். ஆறாவது வாரம் தம்பி ஆங்கிலத்துக்கு மாறினார். குரல் நடுங்கவில்லை. அவருடைய திறமை திடீரென்று வளர்ந்துவிடவில்லை. தன்னைத் தாழ்த்தாத நாலு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு தோழர் கேட்டார்: 'கூலிப் பிரச்சினை, பஞ்சமி நிலம் எல்லாம் கிடக்க, சம்பளக்காரன் பரிட்சைக்கு நாம ஏன் மெனக்கெடணும்?' நியாயமான கேள்வி. சான்றிதழ் விடுதலை தராது. அது கம்பெனியின் சரக்கு. மைக்ரோசாப்ட் இதே மாதிரி நடுவர் குழுவை வைத்து நடத்திய ஆர்க்கிடெக்ட் சான்றிதழை 2013இல் இழுத்து மூடியது. ஆனால் இந்தத் தேர்வில் தேறியவர்தான் நாளை மற்றவர்களை எடை போடும் நாற்காலியில் உட்காருவார். அந்த நாற்காலியில் நம் ஆள் இல்லாதவரை 'அப்பா என்ன பண்றார்?' தொடரும். உட்கார்ந்த நம் ஆளும் அதையே கேட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் வீண்.

எனவே கம்பெனிகளிடம் கேட்போம். நடுவர் குழு முன் நடப்பதைப் பதிவு செய்து தேர்வரிடம் கொடு. எந்தப் பகுதியில் எவ்வளவு குறைந்தது என்று எழுதிக் கொடு. ஊரையும் அப்பன் தொழிலையும் கேட்பதை நிறுத்து. கட்டணத்தை நிறுவனமே கட்டட்டும். பாகுபாட்டுக்கு எதிரான விதியில் சாதி என்று பேர் சொல்லி எழுது. ஆப்பிள் நிறுவனம் 2020இல் அப்படி எழுதியது. மற்றவர்களால் ஏன் முடியாது?

கம்பெனிகள் பதில் சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவத் தோழர்களே, உங்கள் சேரியிலும் விடுதியிலும் நாலு நாற்காலி போடுங்கள். வேலை நேர்முகமோ, ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வோ, எதுவானாலும் நம் பிள்ளை முதல் தடவை நிற்பது நம் முன்னால் இருக்கட்டும். கேள்விகளைக் கடுமையாகவே கேளுங்கள். எங்கள் தம்பிக்கு இன்னும் தேதி வரவில்லை. அடுத்த ஞாயிறு, பி.எஸ்சி. கணினி படிக்கும் ஒரு தங்கச்சி நடுவராக உட்காருகிறார்.